கவர்னருக்கு நான் வாங்கிய மாலை

பாரிசில் எனக்கு இருந்த ஒரே நண்பரை என் கையாலேயே அடித்தேன். இரண்டு பல் போயிற்று. எழுபத்து நான்கு வயது மனிதர். ஆத்திரத்தில் புத்தி கெட்டுவிட்டது என்று எழுதித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் காரைக்கால்காரர். தபால் இலாகாவில் ஓய்வு பெற்று, பாரிசின் புறநகரான ஓல்னேயில் தனியாக இருந்தார். நான் யாழ்ப்பாணத்தான், பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஓர் உணவகத்தில் சமைக்கிறேன். அவருடைய முன்னோர் ஒருவர் தரங்கம்பாடிக் கோட்டையில் டென்மார்க்காரருக்குத் துபாஷியாக, மொழிபெயர்ப்பாளராக இருந்தாராம். அந்தக் காலத்துக் கவர்னர்மேல் இவருக்கு ஒரு பைத்தியம். அப்போது டென்மார்க்கோடு சேர்ந்திருந்த நோர்வேயில் பிறந்து, லண்டனில் இராசதந்திரியாக இருந்து, பிறகு கோட்டையை ஆள வந்தவர். ஓய்ந்த நேரத்தில் கோயில்களைப் படமாக வரைந்தவர். நண்பர் அந்த வாழ்க்கையைப் பிரெஞ்சில் எழுதி வைத்திருந்தார். மூன்று வருடம், என் லீவு நாளான திங்கள்தோறும் அவர் வீட்டில் உட்கார்ந்து நான் அதைத் தமிழாக்கினேன்.

கவர்னரை எனக்குப் பிடிக்கவே இல்லை. கீழே முற்றத்தில் கூலிக்காரன் அடி வாங்க, மேலே இவர் கோபுரம் வரைந்திருப்பார் என்று நான் நக்கலடிப்பேன். நண்பர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவர் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னது ஒரே அத்தியாயத்தைத்தான். ஆங்கிலேயர் கப்பல்களோடு வந்து நின்றபோது கவர்னர் ஒரு வெடிகூட வைக்காமல் கோட்டையைக் கொடுத்துவிட்டார். ஊரில் ஓர் ஓடுகூட உடையவில்லை என்று நண்பர் பெருமையாக எழுதியிருந்தார்.

புத்தக வெளியீட்டை லா சப்பலில் ஒரு கடைக்குக் கீழே இருந்த மண்டபத்தில், ஒரு ஞாயிறு பிற்பகல் வைத்தோம். அன்று காலை நண்பர் ஒரு பூமாலை வேண்டும் என்றார். ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் பூக்கடைக்குப் போய் நானே வாங்கி வந்தேன். யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. கதாநாயகனுக்கு மாலை போடுவது அவர் ஊர் வழக்கம். எங்கள் மண்டபங்களில் வழக்கம் வேறு. விளக்குக்குப் பக்கத்தில் மாலையோடு ஒரு படம் இருந்தால் அது போரில் செத்த எங்கள் பிள்ளைகளின் படம். என் தம்பியும் அவர்களில் ஒருவன். அதன் முன்னால் எழுந்து நின்று ஒரு நிமிடம் அகவணக்கம் செலுத்தாமல் எந்த விழாவும் தொடங்காது.

சிவப்புக் கோட்டும் வெள்ளை முடியுமாகக் கவர்னரின் படம் அந்த இடத்தில் மாலையோடு இருந்ததை நான் கண்டேன். கண்டும், மனதில் என் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கதோசத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து எல்லோரையும் அகவணக்கத்துக்கு எழும்பச் சொன்னேன். அறுபது பேர் நோர்வேக்காரனுக்கு முன்னால் தலை குனிந்து நின்றார்கள்.

எங்கள் போரில் சமாதானம் பேச வந்தவர்களும் நோர்வேக்காரர்கள்தான். பேச்சு முறிந்தது, அவர்கள் போனார்கள், பிறகு சனம் கொத்துக் கொத்தாகச் செத்தது. கார்ஜ் புறநகரிலிருந்து வந்திருந்த ஒரு தகப்பன் தலையை நிமிர்த்திப் படத்துக்குக் கீழே நான் எழுதி ஒட்டிய 'நோர்வேயில் பிறந்த தரங்கம்பாடிக் கவர்னர்' என்ற வரியை வாசித்தார். அவருடைய ஒரே மகன் கடைசிப் போரில் போனவன்.

"என்ரை பிள்ளையின்ரை இடத்திலை ஆரை வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

யாரும் பதில் சொல்லுமுன் எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கைத் தூக்கிப் படத்தில் அடித்தார். கண்ணாடி சிதறியது. எண்ணெய் மேசை விரிப்பில் பற்றியது. நண்பர் ஓடிப்போய்ப் படத்தைக் கட்டிப்பிடித்தார். அடுத்த அடி அவர் காதோடு விழுந்தது. விலக்கப் போனவனை இன்னொருவன் கதிரையால் அடித்தான். யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. புத்தகப் பெட்டியை யாரோ நெருப்பின்மேல் கவிழ்த்தார்கள். நான் நண்பரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பின்பக்கச் சமையலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். வெளியே கதவில் உதைத்தார்கள்.

காதிலிருந்து இரத்தம் கழுத்துக்குள் ஓடியது. துவாயை அமத்திப் பிடித்தேன். மூன்று வருட உழைப்பு அங்கே எரிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் சொன்னார்.

"அந்த மனுஷன் சண்ட போடாம குடுத்துட்டுப் போனாரு தம்பி, ஊரே பொழைச்சுது. ஒங்க ஆளுங்களும் அப்படி விட்டிருந்தா ஒங்க தம்பி இன்னிக்கு இருந்திருப்பாரு."

துவாயைப் பிடித்திருந்த கையை எடுத்து அவர் வாயில் குத்தினேன். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம்.

ஆஸ்பத்திரியில் பொலிஸ் வந்து விசாரித்தது. பல் எப்படிப் போனது என்று கேட்டதற்கு, படியில் விழுந்துவிட்டதாக நண்பர் பிரெஞ்சில் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஐந்து வாரம் பொறுத்து ஓல்னேக்குப் போய் மணியை அடித்தேன். கதவை அரைவாசி திறந்தார். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை, வந்தது வேறு.

"ஐயா, நீங்கள் சொன்னதைத்தான் நானும் தம்பிக்குச் சொன்னனான். கடைசியா அவன் எனக்குப் போன் எடுத்த அண்டைக்கு. எல்லாத்தையும் போட்டிட்டுக் கையைத் தூக்கடா எண்டு."

கதவைப் பிடித்தபடியே கேட்டார். "அவரு என்ன சொன்னாரு?"

"நீ பாரிசிலை இருந்துகொண்டு கதைப்பாய் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டான்."

பல் இல்லாத வாயை அவர் கையால் மூடிக்கொண்டார். "மூணு வருஷம் என் வீட்டுல சாப்டீங்க. ஒரு நாளு சொல்லலியே தம்பி."

சொல்லவில்லைதான். இருநூறு வருடத்துக்கு முந்திய கவர்னர் ஊர் திரும்பும்போது எத்தனை படங்களை மூட்டை கட்டினார் என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் அவருக்குச் சொன்னது, எனக்கு ஒரு தம்பி இருந்தான், செத்துப்போனான் என்பது மட்டும்தான். அவர் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தமும் கேட்டது.