உத்திரமேரூர் வாடகை வீட்டில் நான் மாட்டிய திரைச்சீலை

அடுத்த மாதம் ஜெர்மனிக்குக் குடிபோகிற வாசகி ஒருவர் எழுதியிருந்தார். கட்டில், மேஜையோடு வாடகை வீடு கிடைத்திருக்கிறதாம், ஆனால் விடுதி அறை மாதிரி இருக்கிறதாம், நம் வீடாக ஆக்குவது எப்படி என்று கேட்கிறார். திரைச்சீலையை மாற்றுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் நானும் அதைத்தான் செய்தேன். அதனால் தெருவில் நிற்கப் பார்த்தேன்.

நான் பினாங்கில் பிறந்தவள். இந்தியாதான் எனக்கு வெளிநாடு. திண்டிவனத்துக்காரரான என் கணவர் பினாங்கில் மோட்டார் பட்டறையில் இருந்தார். இங்கே கிணறுகளுக்குக் கரண்டு மோட்டார் வந்துகொண்டிருந்த காலம், உத்திரமேரூரில் ரிப்பேர் கடை போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார். கப்பலில் ஆறு நாள். சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கு ரயில், அங்கிருந்து பதினேழு மைல் பஸ். எனக்கு அப்போது ஏழு மாதம். அந்தப் பதினேழு மைல் கப்பலைவிட மோசம்.

வீடு கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. போன இடமெல்லாம் முதல் கேள்வி, "நீங்க இன்னா ஆளுங்க?" என்பதுதான். அவர் ஆள் வேறு, நான் வேறு. பினாங்கில் யாரும் இதைக் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னதும் கதவு சாத்தினார்கள். எனக்கு ஆத்திரமாக வரும், அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்.

கேட்காதவர் ஏகாம்பரம் ஒருவர்தான். காவாந்தண்டலத்தில் நிலம் வைத்திருந்தவர். முதல் மனைவி இறந்த பிறகு மறுமணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டார், ஊருக்குள் இருந்த வீடு பூட்டிக் கிடந்தது. மாத வாடகை பதினைந்து ரூபாய்.

"சாமானெல்லாம் அப்டியே கீது. பொயங்கிக்குங்க" என்று சாவியைக் கொடுத்தார்.

தேக்குக் கட்டில், இரண்டு மடக்கு நாற்காலி, ரசம் போன நிலைக்கண்ணாடி. எதைத் தொட்டாலும் யாரோ திரும்பி வந்து கேட்பார்கள் போலிருக்கும். கட்டிலைத் திருப்பிப் போட்டேன். பினாங்கிலிருந்து கொண்டுவந்த மங்குத் தட்டுகளை அலமாரியில் நிறுத்தினேன். இருந்தும் ஒட்டவில்லை. தெருப்பக்கத்து ஜன்னல் வெறுமனே இருந்தது, போகிற வருகிறவர்கள் எல்லாம் என் வயிற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பரணில் ஒரு மூங்கில் பெட்டி இருந்தது. உள்ளே அரக்குச் சிவப்பில் ஒரு நூல் புடவை, மேலே நாலு காய்ந்த பூ. மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், வெட்டாமல் வைத்தால் போதும் என்று நினைத்தேன். இரண்டாக மடித்து, கயிறு கோத்து, ஜன்னலில் மாட்டினேன். மாலை வெயில் அதன் வழியாகச் சிவப்பாக உள்ளே வந்தது. அன்றுதான் அந்த வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆடி வெள்ளியன்று மாட்டுவண்டி வந்து நின்றது. தேங்காய், பூ, குத்துவிளக்கு சகிதம் ஏகாம்பரமும் அவர் மனைவி கன்னியம்மாவும் இறங்கினார்கள். ஏகாம்பரம் ஜன்னலைப் பார்த்தவர் தெருவிலேயே நின்றுவிட்டார்.

"அது எங்கூட்டு பூவாடைக்காரி பொடவ. தெருவுல போறவன் வர்றவன் பாக்கவா மாட்டி வெச்சிகீற?"

சுமங்கலியாகச் செத்துப்போன பெண்ணை அங்கே பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவார்கள். அவளுக்குப் படைத்த புடவையைப் பெட்டியில் வைத்து, வருஷத்துக்கு ஒரு நாள்தான் வெளியே எடுப்பார்கள். இந்த வீட்டுப் பூவாடைக்காரி, ஏகாம்பரத்தின் முதல் மனைவி தனபாக்கியம். எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

"தெரியாம செஞ்சிட்டேங்க" என்றேன்.

"சாயந்தரத்துக்குள்ள காலி பண்ணுங்க."

என் கணவர் கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. வேறு வீடு கிடையாது, கப்பல் ஏறும் நிலையில் நானும் இல்லை. பிள்ளையை எங்கே பெறப்போகிறேன்?

கன்னியம்மா முன்னால் வந்து, "இது அக்கா வூடு. நாம சொன்னா ஆச்சா? பூ வெச்சி அக்காவையே கேப்போம்" என்றார்.

புடவையைப் பலகையில் மடித்து வைத்து, முன்னால் கலசம் வைத்தார்கள். தேங்காய்க் குடுமியில் ஒரு அரளிப்பூ. வலப்பக்கம், அதாவது கிழக்கே விழுந்தால் நாங்கள் இருக்கலாம். மேற்கே விழுந்தால் காலி. விளக்கு அணையாமலிருக்க கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. கற்பூரப் புகையில் மூச்சு முட்டியது. பூ அசையவே இல்லை. எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம் என்று தெரியாது.

"வாய தொறக்கல. அவளுக்கு இஷ்டமில்ல" என்று ஏகாம்பரம் துண்டை உதறினார்.

"இரு. மாசமா கீற பொண்ணு, பொயுக்கத்துல மயக்கம் போட்டு வியுந்துறப் போது" என்று சொல்லிக்கொண்டே கன்னியம்மா போய் அந்தத் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்தார். அது மேற்கு ஜன்னல். ஆடிக்காற்று குபீரென்று உள்ளே புகுந்தது. விளக்கு அணைந்தது. பூ கிழக்கே விழுந்தது.

ஏகாம்பரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கன்னியம்மாவும் கும்பிட்டார். ஆடியில் காற்று எங்கிருந்து வரும் என்பது அந்த ஊரில் பிறந்தவருக்குத் தெரியாதா என்ன? நானும் சட்டென்று கும்பிட்டுவிட்டேன்.

ஜெர்மனி வாசகிக்குச் சொல்வது இதுதான். சாவி வாங்குகிற அன்றே வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு பரண்வரை ஒரு சுற்று சுற்றுங்கள். இது யாருடையது, இதைப் புழங்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உங்கள் தட்டு நாலை எடுத்துப் போங்கள், கட்டிலைத் தாராளமாகத் திருப்பிப் போடுங்கள். ஜன்னலுக்குத் துணி மட்டும் சொந்தத்தில் இருக்கட்டும்.

எனக்கு அதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. வண்டி ஏறப்போன கன்னியம்மா திரும்பி வந்து, தன் துணி மூட்டையிலிருந்து வெளுத்துப்போன பச்சைப் புடவை ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார்.

"இத்த மாட்டிக்க. இது உசுரோட கீறவ பொடவ. யாரும் வந்து கேக்க மாட்டாங்க."

மறு மாதம் என் மகள் அந்த ஜன்னலடியில்தான் பிறந்தாள். அவளுக்குக் கன்னியம்மா என்றே பெயர் வைத்தோம்.