யூதாசின் செருப்பு

சுகிர்தாவை ஓர் இடத்தில் உட்காரவைத்த ஆள் நாவலப்பிட்டியிலேயே கிடையாது. எப்போதும் காலில் சுடுகஞ்சியைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஓட்டம்தான். விடிந்தால் கண்டி பஸ், பகலெல்லாம் துணிக்கடையில் பில் போடும் வேலை, ஞாயிறு வந்தால் தூரிகை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஹார்ட்வெயார் கடைப் பெயின்ட்தான். தேயிலைத் தோட்டத்து மாதா கோயில் சுவரில் இயேசுவின் கடைசி இராவுணவை வரைகிறேன் என்று அவளே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள். முடியும்வரை திரையை விலக்க ஒருவரையும் விடவில்லை.

அந்தக் கோயிலுக்குள் செருப்போடு போகும் வழக்கமில்லை. அதனால் இயேசுவையும் சீடர்களையும் நீள வாங்குப் பலகையில் வெறுங்காலோடு உட்காரவைத்தாள். காட்டிக்கொடுத்த யூதாசுக்கு மட்டும் நீல வார் செருப்பு. வந்த வீட்டில் மனம் ஒட்டாமல் எழுந்து போகக் காத்திருப்பவன் என்று அர்த்தம். யூதாசைக் காட்டப் பணப்பையெல்லாம் எதற்கு, செருப்பே போதும் என்று அவளுக்கு ஒரே பெருமை.

ஃபாதர் வந்து படத்தை மந்திரிக்கும் நாள் காலையில், திரையை விலக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். மாமனார் பெரியதம்பி வாசலில் வந்து நின்றார். சீனி வருத்தக்காரர், இரத்தத்தில் சர்க்கரை கூடி இடது காலில் ஆறாத புண். வெறுங்காலே கூடாது என்று கிளினிக்கில் சொன்னதால், கோயிலுக்குள் செருப்போடு வரும் ஒரே ஆள் அவர்தான். அந்தச் செருப்புக்கும் நீல வார்.

சுகிர்தா தூசி தட்டுவதை நிறுத்தினாள். வீட்டு வாசலில் தினமும் பார்த்த செருப்பையே அவளறியாமல் கை வரைந்து வைத்திருக்கிறது! இன்னும் கொஞ்ச நேரத்தில் தோட்டமே முதலில் படத்தைப் பார்க்கும், பிறகு அவர் காலைப் பார்க்கும்.

அவரும் படத்தைப் பார்த்தார். "யூதாசுக்கும் சீனி போல," என்று சிரித்தார். சிரித்தபடியே குனிந்து செருப்பைக் கழற்றிவிட்டுச் சீமெந்துத் தரையில் காலை வைத்தார்.

"மாமா, என்ன செய்றீங்க? போடுங்க மொதல்ல!"

"இன்னைக்கி ஒரு நாளைக்குத்தானேம்மா. படம் நல்லாருக்கு. என்னால ஒனக்குப் பேச்சு வரக் கூடாது."

அவள் மண்டியிட்டு, அவர் பாதத்தைத் துணியால் துடைத்துச் செருப்பை மாட்டிவிட்டாள். பிறகு ஓடிப்போய் நீலப் பெயின்ட் டின்னைத் திறந்தாள். முதல் செருப்பு இயேசுவுக்கு. அவசரத்தில் வார் கோணிக்கொண்டது, அவள் நிறுத்தவில்லை. பேதுருவுக்கு, யோவானுக்கு, ஒருவரையும் விடவில்லை. மேட்டில் ஃபாதரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

பெரியதம்பி கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்துக்கும் போட்டுட்டா, யூதாஸ் யாருன்னு எப்பிடிம்மா கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிக்காட்டி என்ன மாமா," என்றாள் அவள், திரும்பாமலே. "எல்லாரும் சாப்பிடத்தானே வந்தாங்க."