தேவமலர் மூடச் சொன்ன முகவரி

தேவமலர் அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. ஜாசின் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவியவர்களின் மகள். ஏணி தூக்கி வீடுவீடாக இணையக் கம்பி இழுத்தவர், இன்று பத்து பெரண்டாம் என்ற ஊரில் எங்கள் சின்ன இணையக் கம்பெனியின் நெட்வொர்க் முழுவதையும் கட்டி மேய்க்கிறார். பொய் சொன்னால் அவருக்கு ஆகாது. கணேஸ்வரனாகிய எனக்கு அந்த அளவு நேர்மை கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இணையத்தில் பழைய முகவரி எண்கள் தீர்ந்துபோய் வருஷங்களாகின்றன. ஒரே எண்ணைப் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. இதனால் எங்கள் வாடிக்கையாளரான ஒரு தொழிற்சாலையின் கணினி, வீட்டிலிருந்து வேலை செய்த அத்தனை பேரையும் ஒரே ஆள் என்று நினைத்து வெளியே தள்ளிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் ஊழியர்களின் இருநூறு வீட்டில் பாதியாவது, வீட்டுக்கு வீடு தனி எண் தரும் புது வகை முகவரியில் வர வேண்டும், இல்லையென்றால் வேறு கம்பெனி என்றார்கள். புது முகவரிக்கு எங்கள் நெட்வொர்க் தயார் என்று கையெழுத்துப் போட்டவர் அக்கா. தவறினால் அவர் வேலை போகும்.

செவ்வாய்க்கிழமை சோதித்தோம். பதினோரு வீடுதான் புது முகவரியில் வந்தது.

அலுவலக இயந்திரங்களில் ஒரு குறையும் இல்லை. அக்கா நேராக எங்களிடம், வீட்டில் மோடம் மாட்டுகிறவர்களிடம் வந்தார்.

"மாட்டினதும் மொதல்ல என்ன செய்வீங்க, கணேஸ்?"

"புது முகவரிய மூடிருவோம்லா," என்றேன் பெருமையாக. "தொறந்தா லைன் ஸ்லோ. நீங்கதானக்கா சொல்லிக் கொடுத்தீங்க."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. எட்டு வருஷத்துக்கு முன் பாச்சாங்கில் ஒரு வீட்டில் லைன் மெதுவாக இழுத்தது என்று அவர் அதை மூடினார். அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் சாமி கும்பிடுவது போல நாங்கள் மூடிக்கொண்டே வந்திருக்கிறோம். சொந்தக் காசில் சூனியம்.

நானாக இருந்தால் மோடம் மேல் பழியைப் போட்டிருப்பேன். அக்கா முதலாளி ரங்கசாமியிடம் போய், "நான் சொல்லிக் கொடுத்த தப்பு பாஸ். மூணு நாள் கொடுங்க, சரி பண்ணிருவேன்," என்றார்.

பாதி மோடம்களில் புது முகவரியை அலுவலகத்திலிருந்தே திறந்தார். பழையவற்றுக்கு வீடுவீடாகப் போனோம், அவரும் வந்தார். எட்டு வருஷப் பழக்கத்தை மாற்றுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையின் கணினிப் பிரிவுத் தலைவி வாணி வந்தார். திரையில் நூற்று எழுபத்தாறு வீடு. அறிக்கையில் கோளாறுக்குக் காரணம் என்ற இடத்தில் அக்கா தன் பெயரையே எழுதியிருந்தார். வாணி அதை இரண்டு முறை படித்தார்.

"இப்படி எழுதுறவங்க கையிலதான் எங்க லைன் இருக்கணும்," என்று சொல்லி மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

அக்கா அழுதுவிட்டார். நானும்தான், வெட்கமில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, மீதி இருபத்துநான்கு வீட்டின் பட்டியலை என் கையில் திணித்தார்.

"கெளம்புலா."