கல்யாணியின் பிடி

விசாரணை அறையில் உட்கார்ந்ததும் கல்யாணியின் இடக்கை மேசைக்கு அடியில் போய், பக்கத்திலிருக்கும் கட்சிக்காரரின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளும். முகம் மட்டும் மேலே, பேருந்துக்குக் காத்திருப்பவர் முகம்போலச் சும்மா இருக்கும். யாராவது உணர்ச்சிவசப்பட்டு எழப் பார்த்தால் ஓர் இழுப்பு.

பிழைவிட்டதாகப் புகார் வந்த நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்து மருத்துவர்கள், தாதிகள், மருந்தாளர்கள் எல்லோரும் தேடி ஓடிவரும் வழக்கறிஞர் அவர். நிறுவனப் பணத்தில் கைவைத்ததாக மாட்டிக்கொண்ட மேலாளர்களும் வருவார்கள். கல்யாணிக்கு அவர்களைத்தான் பிடிக்கும். "அவையோட வேலை சுகம். வாயில மன்னிப்பு வராது. எங்கட தமிழ் ஆக்கள் கதிரையில இடிபட்டாலும் கதிரையிட்டயும் மன்னிப்புக் கேப்பினம்."

லின்ஃபீல்டில் இருக்கும் அவர் வீட்டிலும் இதே கதைதான். கோப்பையை உடைத்துவிட்டு மகள் சிந்து மன்னிப்புக் கேட்டபோது, "ஆர் பாத்தது?" என்றார். "நான் உங்கள் கட்சிக்காரி இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மகள் துடைப்பம் எடுக்கப் போனாள்.

இந்த முறை பிடியில் இருந்தது சோதிலிங்கத்தின் கோட்டு. மனுரேவாவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ராஜ்குமாரி என்ற ஃபிஜி இந்திய அம்மாவின் வீட்டுக்கு வேறொருவரின் மாத்திரைப் பை போய்விட்டது. அந்த மாத்திரைகளை விழுங்கியவர் மயங்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். செய்தி கேட்ட அன்றே சோதிலிங்கம் கல்யாணியிடம் ஓடிவந்தார்.

"பை கடையில மாறிச்சோ, கொண்டுபோன பெடியனிட்ட மாறிச்சோ தெரியேல்லை. என்ர கையாலயும் இருக்கலாம். ஒருக்கா அவவைப் போய்ப் பாத்திட்டு வரட்டே, தங்கச்சி? கொஞ்சம் பழம்..."

"பழமும் வேண்டாம், போனும் வேண்டாம், அண்ணை. 'என்ர கையாலயும் இருக்கலாம்' எண்டு வெளியில சொன்னா உங்கட உரிமம் போயிடும். கேட்டா ஓம், இல்லை, தெரியாது. இந்த மூண்டு சொல்லே காணும்."

பாவம் மனிதர், சொன்னபடியே நடந்தார். தெருவில் ராஜ்குமாரியின் மகனைக் கண்டால்கூட எதிர்ப்பக்கம் போய்விடுவார். பிறகுதான் புகார் வந்தது.

விசாரணை கல்யாணி நினைத்தபடியே போனது. பை எங்கே மாறியது என்று யாராலும் காட்ட முடியவில்லை. கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விருப்பமா என்று விசாரணைக் குழுவினர் ராஜ்குமாரியைக் கேட்டார்கள். அவர் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினார். "வருஷக்கணக்காக இவரிடம்தான் மருந்து வாங்கினேன். பிழை யாருக்கும் வரும். விழுந்த பிறகு, எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் புகார் கொடுத்தேன்."

அந்தப் புகாரை எழுதவைத்தது தன்னுடைய ஆலோசனைதான் என்று கல்யாணிக்கு உடனே விளங்கியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிடியிலிருந்த கோட்டுக் கை மேலே எழப் பார்த்தது. கல்யாணியின் கை தானாக அதை இழுத்தது. சோதிலிங்கம் பாதி எழுந்த நிலையில் குனிந்து, "தங்கச்சி" என்றார். கண் கலங்கியிருந்தது. "உரிமம் போனாப் போகட்டும்."

கல்யாணி இடக்கையை வெளியே எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி மேசைமேல் வைத்தார்.