சத்தம் குறைக்கச் சொன்ன வீட்டுக்கு வந்த ஜெனரேட்டர்

அன்பான விசுவாசிகளே, என் நடுக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருந்தால் நன்றிகெட்டவள் ஆகிவிடுவேன்.

என் கணவர் தங்கராஜுக்கு நுரையீரல் நோய். ஆக்சிஜன் மிஷின் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு.

ஈஸ்டர் கழிந்த மறுவாரம் பக்கத்துக் கோயிலில் உற்சவம். ஒலிபெருக்கி எங்கள் ஜன்னலுக்கு நேராக இருந்தது. அவரால் கண் மூட முடியவில்லை. மைக் செட் போடும் மணியனிடம் போய், மிஷினில் மூச்சு விடுகிற நோயாளி வீட்டில் உண்டு என்று சொன்னேன். கொஞ்சம் குறைத்தான். எனக்குப் போதவில்லை. "ஆண்டவரே, இந்தச் சத்தத்தை நிறுத்தும்" என்று ஜெபித்தேன்.

மறுநாள் பிற்பகல் நின்றது. சுழல்காற்று அடித்து நின்றது. நான் இதையா கேட்டேன்!

குளத்தூர் பக்கமிருந்து பெரிய இரைச்சல் வந்தது. ரப்பர் மரங்கள் பாதியில் முறிந்தன. ஏத்தன் வாழைகள் குலையோடு சாய்ந்தன. கூரைத் தகரங்கள் மின்கம்பியில் தொங்கின. காற்று போன பாதையில் ஒரு வீட்டுக்கும் தலை இல்லை. ஓரத்தில் இருந்த எங்கள் வீடு சில ஓடுகள் மட்டும் போய்த் தப்பியது.

கரண்டு போய் மிஷின் நின்றது. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டினேன். அதன் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. போனில் சிக்னல் இல்லை. ரோட்டில் இரண்டு பக்கமும் மரங்கள். ஆம்புலன்ஸ் எப்படி வரும்? வாசலில் நின்று கத்தினேன். எல்லா வீட்டிலும் அழுகை, என் குரல் யாருக்குக் கேட்கும்? அவர் உதடு நீலம் பாய்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. "ஏசுவே" என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அப்போது முறிந்த மரங்கள் மேல் ஏறி இறங்கி, நனைந்தபடி மணியன் வந்தான்.

"அக்கா, நேத்து சத்தம் கொறைக்கச் சொல்ல வந்தப்போ மிஷின் காரியம் சொன்னீங்களே. அண்ணன் எப்படி இருக்காரு?"

சிலிண்டரைக் காட்டினேன்.

"அழாதீங்க. உற்சவத்துக்கு வச்ச ஜெனரேட்டர் கோயில் ரூமுக்குள்ள பத்திரமா உண்டு. கொண்டு வாறோம்."

கமுகுத் தடிகளில் கட்டி நாலு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். "எலே, பைய எறக்கு! கோயிலுக்க சாதனம் ஆக்கும்!" என்று ஒருவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. மிஷின் ஓடியபோது சிலிண்டர் முள் அடியைத் தொட்டிருந்தது. மெல்ல மெல்ல அவர் உதட்டில் நிறம் திரும்பியது.

அப்புறம்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "உனக்க வீடு எப்படி மக்கா?"

"மேல ஒண்ணும் இல்லக்கா. அவளையும் பிள்ளையையும் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்தேன்."

அன்று இரவு முழுக்க அந்த ஜெனரேட்டர் எங்கள் ஜன்னலுக்கு நேராக நின்று காதடைக்க இரைந்தது. அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

பிரியமானவர்களே, வார்த்தை வராவிட்டாலும் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். யாரை அனுப்ப வேண்டும் என்பதை அவருக்கு விட்டுவிடுங்கள். நான் இப்போது அப்படித்தான் ஜெபிக்கிறேன். மணியன் வீட்டுக்கு இன்னும் தார்ப்பாய்தான் கூரை. சனிக்கிழமை நாம் போய் ஓடு போடலாம், வாருங்கள். அவன் மனைவியும் இப்போது, அன்று என்னைப் போல, ஒரு வார்த்தைக்கு மேல் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பாள்.