அவர் கேட்காத கேள்வி

என் வீட்டுக்காரர் அப்போது எங்கள் பகுதிக்கு எம்.எல்.ஏ. தொண்டியில் நடந்த கூட்டத்தில், "புயலில் வள்ளம் இழந்தவர்களுக்கு அரசாங்கம் ஏன் உதவவில்லை?" என்று கேட்டார். நானும் அங்கே இருந்தேன். மறுநாள் பேப்பரில், "அரசாங்கம் ஏன் உதவ வேண்டும்?" என்று அவர் கேட்டதாக வந்திருந்தது.

காப்பியை அப்படியே வைத்துவிட்டு மதுரைக்கு பஸ் ஏறினார். பேப்பர் ஆபீசில் சத்தம் போட்டுவிட்டு, தொண்டை கட்டித் திரும்பி வந்தார். சில நாள் கழித்து, உள்பக்கத்தில் தைல விளம்பரத்துக்குக் கீழே ஒரு மூலையில் போட்டிருந்தார்கள்: 'உப்பூர் கூட்டச் செய்தியில் ஒரு சொல் தவறிவிட்டது. வருந்துகிறோம்.'

"நான் உப்பூர்ல பேசவே இல்லையே" என்றார். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாத முகம்.

"விடுங்க. தொண்டிக்காரவுகதான் நேர்ல கேட்டாகளே" என்றேன்.

"கூட்டத்துக்கு வந்தது கொஞ்சப் பேரு. மத்தவன் எல்லாம் கடல்லதான கெடந்தான்."

விடிந்ததும் தொண்டிக் கரைக்குப் போனோம். வள்ளங்கள் வந்து சேரச் சேர, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, தான் உண்மையில் கேட்டது என்ன என்று ஒவ்வொரு வள்ளத்துக்காரரிடமும் சொன்னார். ஓட்டுக் கேட்கும்போதுகூட அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை.

புயலில் வள்ளத்தைப் பறிகொடுத்த ஒரு பெரியவர், தலையில் தொப்பியோடு கரையில் உட்கார்ந்திருந்தார். "அதான் வருத்தம்னு போட்டுட்டானாமே" என்றார்.

"எனக்குப் போட்டான். மனசு நொந்தது நீங்க. உங்களுக்கு ஒண்ணும் போடலையே."

பெரியவர் அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். டீ வரவழைத்துக் கொடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சரி, நீங்க கேட்டதுக்கு கவர்மெண்டு என்ன பதில் சொல்லுச்சு?"

என் வீட்டுக்காரர் பாதி டீயோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். எங்கள் ஜில்லா கலெக்டர் ஆபீசும் அந்தக் காலத்தில் மதுரையில்தான் இருந்தது.

பஸ்ஸில் வரும்போது, "பேப்பர்காரன்ட்ட சண்டைக்குப் போனவன், கலெக்டர் ஆபீசுல எட்டிக்கூடப் பாக்கலையே" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளே மதுரைக்குப் போனார். பிறகும் பல முறை போனார். மழைக்காலம் தொடங்குமுன் உதவி வந்தது. அந்தச் செய்தியைப் பேப்பரில் போட்டார்களா என்று அவர் பார்க்கவில்லை. நான்தான் பக்கம் பக்கமாகத் தேடினேன். போடவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.