இடப்பக்கச் சாய்வு

கவின்கலைக் கல்லூரியில் அவளைச் சிலையக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மாணவர்கள் வரைவதற்காக மேடையில் அசையாமல் நிற்பது அவள் வேலை. அதற்கு முன் பதினேழு வருடம் ஒரு தையல் ஆலையில் சட்டைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். ஆலையை இழுத்து மூடியதும், கல்லூரியைக் கூட்டிப் பெருக்கும் பக்கத்து வீட்டுக்காரி இந்த வேலையைச் சொன்னாள்.

“சும்மா நிக்கணும், அவ்ளோதான்.”

“நிக்கிறதெல்லாம் ஒரு வேலையாடி?”

“நின்னு பாரு, தெரியும்.”

நின்று பார்த்தாள், தெரிந்தது. முதல் பத்து நிமிடத்தில் குதிகால் மரத்துப்போகும். மூக்கு நுனி வேண்டுமென்றே அரிக்கும். இருபது நிமிடம் ஆனதும் மணி அடிக்கும். இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸால் போட்ட கோட்டுக்குள் மறுபடி காலை வைத்துக்கொள்ள வேண்டும். உடம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். மனசு அப்படி நிற்காது என்பதுதான் சிக்கல்.

நாலு மாதம் கழித்து ஒருநாள் ஓவிய ஆசிரியர் எல்லாப் படங்களையும் சுவரில் வரிசையாகக் குத்திவைத்தார். அன்றைக்குப் பாடம் சமநிலை. ஒற்றைக் கண்ணை மூடி, பென்சிலை நீட்டி ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போனவர் கடைசிப் படத்தில் நின்றுவிட்டார்.

“இருபத்திரண்டு படம். எல்லாத்துலயும் இவங்க இடது தோள் இறங்கியிருக்கு. ஒருத்தர் தப்பா வரைஞ்சா கண்ணு சரியில்லன்னு சொல்லலாம். எல்லாருமா?”

“சார், இன்னொண்ணு பாருங்க” என்றாள் ஒரு மாணவி. “எல்லாருமே அந்தப் பக்கம் இடம் விட்டுருக்கோம். பேசி வச்சுக்கல. அங்க நெருக்கி வரைய மனசு வரல.”

“காலி இடமும் படத்துல ஒரு உருவம்தான். அதுக்கும் கனம் உண்டு” என்றவர் மேடைப் பக்கம் திரும்பினார். “தோள்ல ஏதாவது வலியாம்மா?”

“இல்ல சார்.”

வலி இல்லை. ஆனால் அந்தப் பக்கம் யார் என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது எட்டு வயதுத் தங்கையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவாள். தங்கை எப்போதும் இடது கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். ஒருநாள் காலை, வீட்டு வாசலைத் தாண்டிச் சாலையின் நடுவே போகும்போது அந்தக் கை நழுவியது. அவள் திரும்புவதற்குள் லாரி வந்துவிட்டது. ‘கையைக் கெட்டியாப் பிடிச்சிருக்கக் கூடாதா?’ என்று துக்கம் விசாரிக்க வந்த யாரோ கேட்டார்கள். அம்மா கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த மௌனத்தை அவள் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டாள்.

படங்களைப் பார்த்த அடுத்த வாரம் சிற்ப வகுப்பில் நிற்கச் சொன்னார்கள். முழங்கை வரை களிமண் அப்பிய பருமனான பெண்மணி அந்த ஆசிரியை. கம்பிக் கூடு கட்டி, மண் வைத்து, முழங்கால் உயரத்துக்கு அவள் உருவத்தை எழுப்பினார். மறுநாள் வந்து பார்த்தால் அது இடப்பக்கமாகச் சரிந்து கிடந்தது. மறுபடி கட்டினார், மறுபடியும் சரிந்தது.

“முப்பது வருஷத்துல இப்படி அடம்பிடிக்கிற உருவத்த நான் பாத்ததில்ல” என்று இடுப்பில் கைவைத்தார். “நேரா நிக்கிற ஆளுக்கு எடை ரெண்டு காலுக்கும் நடுவுல விழணும். உங்களுக்கு வெளிய போய் விழுது. எதையோ புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க.”

கடைசியில் அவர் உருவத்தின் இடது கைக்குக் கீழே ஒரு சின்ன மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார். உருவம் ஆடாமல் நின்றது. அவள் பக்கத்தில் தங்கை எவ்வளவு உயரம் நின்றாளோ, உருவத்தின் பக்கத்தில் அந்தக் கட்டையும் அவ்வளவு உயரம் இருந்தது. இவர்கள் யாருக்கும் ஒன்றுமே தெரியாது. ஆனாலும் ஆளுக்கொரு பக்கமிருந்து வந்து அதே இடத்தைத் தொடுகிறார்களே!

மூன்றாவதாக நடன ஆசிரியர் வந்தார். “ஒரு மணி நேரம் இவங்கள எனக்குக் குடுங்க. சாதாரணமா நடக்கிறவங்க வேணும்” என்று மாடிக்கு அழைத்துப் போனார். மரத்தரை போட்ட நீள அறை அது. அவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும். அவள் அடிக்கு ஏற்ப மாணவர்கள் கைதட்ட வேண்டும்.

மூன்று முறை நடந்தாள். கைதட்டல் மெல்ல ஒன்று சேர்ந்தது.

“கவனிச்சீங்களா?” என்றார் ஆசிரியர். “நீளமான காலு, ஆனா குட்டிக் குட்டி அடி. அஞ்சாவது அடிக்கு முன்னாடி லேசா ஒரு நிறுத்தம். பின்தங்குன யாருக்கோ காத்திருக்கிற மாதிரி. தாளத்துல அந்த நிறுத்தமும் ஒரு அடிதான், விட்டுடாதீங்க. நடங்கக்கா!”

நடந்தாள். நாலு தட்டு, பிறகு அமைதி. நாலு தட்டு, பிறகு அமைதி. மூன்றாவது அமைதியில், கைகள் எல்லாம் ஓய்ந்திருந்தபோது, மரத்தரையில் ஒரு சின்னச் செருப்புச் சத்தம் கேட்டது. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாள். யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினாள். வாசலில் ஓவிய வகுப்பில் பேசிய அந்த மாணவி ஓடிவந்து, “அக்கா, இது நீங்க வச்சுக்கங்க” என்று சுருட்டிய படம் ஒன்றைக் கையில் திணித்தாள்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து படத்தை விரித்துப் போட்டாள்.

“அம்மா, நான் கைய விட்டுட்டேன்.”

அம்மாவுக்கு எதைப் பற்றி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மடித்த துணியை மறுபடி பிரித்தாள்.

“நீ விடலடி. அவதான் உதறுனா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நான்தானே கூப்பிட்டேன்.” அம்மா துணியை மடியில் வைத்தாள். “தண்ணி பாட்டில மறந்துட்டுப் போய்ட்டா. மாடி ஜன்னல்லேர்ந்து பேரச் சொல்லிக் கத்துனேன். என் சத்தம் கேட்டுத்தான் திரும்பி ஓடியாந்தா.”

“இத்தன வருஷமா ஏம்மா சொல்லல?”

“சொன்னா நீ என்னை என்ன பார்வை பாப்பியோன்னு இருந்துச்சு.”

இரண்டு பேரும் அழவில்லை. அம்மா படத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கரிக்கோடுகளைப் பார்த்தாள், இறங்கிய தோளைப் பார்த்தாள். அதை ஒட்டிய வெற்றிடத்தில் விரலை வைத்து மெதுவாகக் கீழே கொண்டுவந்தாள்.

“வரைஞ்சவங்க இடம் அதிகமா விட்டுட்டாங்க. அவ இவ்ளோ ஒசரம் கிடையாது. இங்க வரைக்கும்தான்.”

திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்பினாள். ஓவிய ஆசிரியரிடம் மட்டும், “என் தங்கச்சி சார்” என்றாள். அவர் தலையாட்டினார். முட்டி தேய்ந்துபோகும் வரை இன்னும் ஒன்பது வருடம் அந்த மேடையில் நின்றாள். தோள் நிமிரவே இல்லை. புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்பும் அதைக் கண்டுபிடித்தது.

தாயும் மகளும் கடைக்குப் போகும்போது அம்மா இப்போதெல்லாம் அவளுக்கு வலப்பக்கமாகவே வருகிறாள். இடப்பக்கம் ஒரு ஆள் போகும் அளவுக்கு வழி விட்டுத்தான் இருவரும் நடப்பார்கள். பின்னால் வரும் சைக்கிள்காரன் அதில் புகுந்து போகப் பார்த்து மணியடித்தால், அம்மா திரும்பி ஒரு முறை முறைப்பாள்.

“ஆள் வர்றது தெரியலயா? சுத்திப் போப்பா!”